ஆமாம், அது பேரலல் ஃபிஃப்த்தான்

ஞாயிற்றுக்கிழமை மும்பை மாட்டுங்காவில், தோடி ராகத்துக்கு நான் அமைத்த ஹார்மனியை (பல குரல்களைச் சேர்த்து ஒலிக்கவிடும் மேற்கத்திய முறை) வைத்து என்னை மடக்கியதை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். அந்த வீடியோ துண்டு என் சித்தப்பா வரைக்கும் போய்விட்டது. "சார், தோடியில பேரலல் ஃபிஃப்த் வருதே, ஹார்மனி முறையாப் படிச்சீங்களா?" என்று கேட்ட தம்பிக்கும், அதற்குக் கைதட்டிய பெரியவர்களுக்கும் ஒரே பதில்: ஆமாம், வருகிறது. தெரிந்தேதான் வைத்தேன்.

ஸ-ப ஒலிக்கிறது. அடுத்து சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும். இரண்டு குரலும் பஞ்சம இடைவெளி (ஸ-வுக்கும் ப-வுக்கும் உள்ள தூரம்) மாறாமல் சேர்ந்தே அரை சுரம் ஏறுகின்றன. இதுதான் பேரலல் ஃபிஃப்த். மேற்கத்திய ஹார்மனி பாடப்புத்தகப்படி தப்பு. காந்தாரத்தையும் சேர்த்து, இன்வர்ஷன் (சுரங்களின் மேல்-கீழ் அடுக்கு) மாற்றி நகர்த்தியிருக்கலாமே என்கிறார்கள். தோடி காந்தாரம் எங்கே ஐயா நிற்கிறது? ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கிற சுரம். பாடகி மேலே அதை ஆட்ட, கீழே செல்லோ அசையாத ஒரு காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். பல் கூசியது. எடுத்துவிட்டேன்.

அந்த விதி எதற்கு வந்தது? இரண்டு குரல் பஞ்சமத்தில் சேர்ந்தே நகர்ந்தால் தனித்தனிக் குரலாகக் கேட்காது, ஒன்றாகிவிடும். நியாயமான விதி. எனக்கு அங்கே வேண்டியதே ஒன்றாவதுதான், தம்புராவையே தூக்கி ஒரு படி மேலே வைத்த மாதிரி! இதையெல்லாம் மாணவர்களுக்காக ஃபுக்ஸ் என்ற ஆஸ்திரிய இசையறிஞர் தொகுத்து எழுதியது 1725இல். அவர் ஆசானாகக் கொண்ட இத்தாலிய இசையமைப்பாளர் பாலஸ்த்ரீனா இறந்தது 1594இல். காது முந்தி, சட்டம் பிந்தி. ஃபிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி பஞ்சமங்களை வரிசையாக நகர்த்தினால் மேதைமை. செம்பூர்க்காரன் நான் நகர்த்தினால் படிக்காதவன்.

"அப்போ தியரியே வேண்டாங்கறீங்களா?" என்று யாராவது கிளம்புவீர்கள். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? ட்ரினிட்டி மேற்கத்திய இசைப் பரீட்சைகளை எழுதித் தேறியவன் நான், சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டவில்லை, அவ்வளவுதான். "தோடிக்கு ஹார்மனியே எதற்கு?" என்பது நல்ல கேள்வி. அதற்குத் தனிப் பதிவு போடுகிறேன்.

என் வயலின் வாத்தியார் நோட்டில் 'க' என்று ஓர் எழுத்துதான் எழுதுவார். எப்படி ஆட்டுவது என்று எழுத மாட்டார். ஹார்பர் லைன் ரயில் வண்டி போய் முடிகிறவரை பொறுத்திருந்து, பாடிக் காட்டுவார். எனக்கு வரவில்லையென்றால் மறுபடி பாடுவார். அதுவும் முறையான படிப்புதான், நம்புங்கள்.

இந்த ஊரில் எனக்கு இது பழகிப்போன விஷயம். அந்தேரி ஸ்டுடியோக்களில் நான் 'கர்நாடிக் ஆள்', கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) பற்றி வாய் திறக்கக் கூடாது. நம்ம சபாவில் 'வெஸ்டர்ன் ஆள்', ராகம் பற்றி வாய் திறக்கக் கூடாது. எந்தப் பக்கம் போனாலும் பரீட்சை வைக்க ஒருத்தர் காத்திருக்கிறார். சரி, தம்பி மேல் கோபமில்லை. வயசு.

ஆனால் அந்த வீடியோவுக்குக் கீழே சிரிப்பு பொம்மை போட்டிருக்கிறீர்களே, உங்களில் சிலர் இதே பகுதியை என் ரெக்கார்டிங்கில் வாசித்தவர்கள். "அண்ணா, சிலிர்க்குது" என்று சொல்லி, பேமெண்டும் வாங்கிக்கொண்டு போனவர்கள். அன்றைக்கு அந்த ஃபிஃப்த் உங்கள் காதில் விழவே இல்லையா?