தடை போட்டால் சண்டை நிற்காது, டாக்டர்தான் இருக்கமாட்டார்

குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. என்கிற கூண்டுச் சண்டைக்கு அனுமதி தரலாமா என்று பேச்சு எடுத்தாலே, "இது விளையாட்டா, காட்டுமிராண்டித்தனமா?" என்பதில் போய் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். பிடிக்காதவர்கள் பார்க்காமல் இருக்கலாம், சரி. அடி வாங்கியவனை அன்றைக்கு ராத்திரி யார் பரிசோதிக்கிறார்கள்? சட்டம் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான்.

1993-ல் அமெரிக்காவின் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி. கூண்டுச் சண்டைப் போட்டியில் எடைப் பிரிவு கிடையாது, கையுறை கட்டாயமில்லை. கடிக்கக் கூடாது, கண்ணைத் தோண்டக் கூடாது, கிட்டத்தட்ட அவ்வளவுதான் விதி. முதல் சண்டையிலேயே கீழே விழுந்துகிடந்த சுமோ வீரரின் முகத்தில் ஜெரார்ட் கோர்டோ ஓர் உதை விட்டார். பல் தெறித்தது, அதன் துண்டு உதைத்தவர் காலிலேயே செருகிக்கொண்டது. செனட்டர் ஜான் மெக்கெய்ன் இதை "மனிதச் சேவல் சண்டை" என்று திட்டியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆனால் தடை என்ன செய்தது? 1997-ல் நியூயார்க் மாநிலம் தொழில்முறை எம்.எம்.ஏ.வைத் தடை செய்தது. அமெச்சூர் போட்டிகளுக்கு அந்தத் தடை பொருந்தவில்லை. பணம் வாங்கிக்கொண்டு மோதினால் குற்றம், சும்மா மோதினால் ரத்தப் பரிசோதனைகூட யாரும் கேட்க மாட்டார்கள்! 2016 வரை இந்தக் கூத்து நடந்தது. பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியோ 2000-லேயே விதிகளை எழுத உட்கார்ந்துவிட்டது. கோர்டோ விட்ட மாதிரி விழுந்தவன் தலையில் உதைப்பது, அதிலிருந்து வளர்ந்த இன்றைய எம்.எம்.ஏ. பொது விதிகளின்படி தப்பாட்டம். பின்மண்டையில் குத்துவதும் அப்படித்தான்.

உரிமம் கொடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. 2013-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில், முறையாக உரிமம் பெற்ற குத்துச்சண்டைப் போட்டியில், வீரர் மகோமெத் அப்துசலாமோவ் பத்துச் சுற்று அடி வாங்கினார். மூளையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்த மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போனது டாக்ஸியில். உயிர் பிழைத்தார், பழைய வாழ்க்கை திரும்பவில்லை. 2017-ல் மாநில அரசு 2.2 கோடி டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. ஆம்புலன்ஸ் வாடகை எவ்வளவு இருந்திருக்கும்?

கூண்டுக்குள் போகும் முன்பே சாகிறவர்களும் உண்டு. 2015-ல் சீன எம்.எம்.ஏ. வீரர் யாங் ஜியான் பிங் தன் எடைப் பிரிவுக்குள் வர உடம்பின் நீரை வற்றவைத்து, இறந்துபோனார். வயது 21தான். அதன் பிறகுதான் அவர் மோதவிருந்த போட்டியை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம் உடம்பில் நீர் இருக்கிறதா என்று சோதிக்கத் தொடங்கியது.

டிவியில் காட்டுகிற தொழில்முறை மல்யுத்தத்தையும் கூண்டுச் சண்டைக்கான இதே சட்டத்தில் சேர்த்துக் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. "எல்லாம் நடிப்புதானே" என்பது உண்மைதான். 1989-ல் அந்த மல்யுத்தத்தை நடத்தும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) நிறுவனமே நியூ ஜெர்சியில் அதை ஒப்புக்கொண்டது, விளையாட்டு ஆணையத்தின் பிடியிலிருந்து தப்பிக்க. முடிவு எழுதிவைத்தது, சரி. விழுகிற உடம்பு நிஜம்தானே? 1999-ல் கான்சாஸ் சிட்டியில் கூரையிலிருந்து கம்பியில் இறக்கப்பட்ட அந்த நிறுவனத்தின் மல்யுத்த வீரர் ஓவன் ஹார்ட் ரிங்கில் விழுந்து இறந்தார். நிகழ்ச்சியை நிறுத்தாமல் நடத்தி முடித்தார்கள். (இதை எப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.) மல்யுத்தத்துக்கு மதிப்பெண் போடும் நடுவர் வேண்டாம். சினிமா ஸ்டண்டுக்குக் கேட்கிற மாதிரி கம்பி, கொக்கி, உயரம் எல்லாவற்றையும் சோதித்துக் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். தலையில் அடிபட்டவனை மறுநாள் மேடை ஏற்றாமல் தடுக்க அதிகாரமுள்ள டாக்டரும் வேண்டும்.

செலவைப் பற்றிய எதிர்வாதம் நியாயமானதுதான். 2016-ல் தடையை நீக்கிய நியூயார்க், மூளைக் காயத்துக்கு 10 லட்சம் டாலர் காப்பீடு கட்டாயம் என்றதும் சின்ன குத்துச்சண்டைப் போட்டிகள் அங்கே கிட்டத்தட்ட நின்றுபோயின. அதற்காகக் காப்பீட்டைக் குறைப்பது தப்பு. பெரிய நிகழ்ச்சிகளின் டிக்கெட் வரியிலிருந்து ஒரு பொது நிதி சேர்த்து, சின்ன புரமோட்டர்களின் பிரீமியத்தில் ஒரு பங்கை ஆணையமே கட்டட்டும். அதையும் மீறி டாக்டருக்குக் கொடுக்கக் காசில்லை என்கிற புரமோட்டர் போட்டி நடத்தவே வேண்டாம்.