மினிமம் ட்யூ கட்டினா போதும்னு நம்பினேன்

கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்ட இன்னைக்கு திரும்ப எடுத்து பாத்தேன், மினிமம் ட்யூ, அதாவது அந்த மாசம் கொறைஞ்சது கட்ட வேண்டிய தொகை, அது மட்டும் பெரிய எழுத்துல பளிச்சுனு இருக்கு, வட்டி எவ்வளவுன்னு தேடினா கடைசி பக்கத்துல எறும்பு ஊர்ற மாதிரி பொடி எழுத்துல கெடக்கு. மாசம் 3%னா கேக்க சின்னதா இருக்கும், ஆனா வட்டிக்கு வட்டி சேர்ந்து வருஷத்துக்கு 42% தாண்டிடும்ங்க. 100 பாக்கில மினிமம்னு 5 கட்டினா அதுல 3 வட்டிக்கே போயிடுது, அசல்ல கொறையறது வெறும் 2. இதுல, முழுசா கட்டலன்னா பொதுவா புதுசா வாங்குற பொருளுக்கும் வாங்குன நாள்லேருந்தே வட்டி ஓடும், இது எனக்கு தெரியறதுக்குள்ள 8 மாசம் மினிமம் மட்டுமே கட்டிட்டு இருந்திருக்கேன், வயிறெரியுது.

வாங்குன கடன கட்டணும், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா நாம ஒரு விஷயத்த மறைச்சு கடன் வாங்கினா மோசடி, பேங்க்காரங்க மறைச்சு குடுத்தா அதுக்கு என்ன பேரு? எவனோ நம்ம கார்ட தேய்ச்சிட்டு போனாலும் நாமதான் போன் மேல போன் போட்டு அது நான் இல்லன்னு சொல்லி மன்றாடணும். போன வாரம் வட்டிய பத்தி கேக்க கூப்பிட்டேன், கடன் லிமிட்ட ஏத்தி தரவான்னு கேக்குறாங்க. கட்ட முடியாம தவிக்கிறவங்ககிட்ட கேக்குற கேள்வியா இது?