மணி தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லித் தொலைக்கட்டுமே!

"எல்லா கமெண்ட்டும் சரி பண்ணியாச்சு" என்ற குறிப்போடு இன்று காலை மறுபடியும் அதே பேட்ச் (திருத்திய கோட்) வந்து இறங்கியிருக்கிறது. அதே ஆர்டிசி டிரைவர். பஸ் ஓட்டுகிறவர் இல்லை; கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும் கடிகார சிப்போடு பேசுகிற புரோகிராம். எழுதுவது ஒரு தம்பி, ரிவ்யூ செய்வது நான். பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஸ்பேஸ் இருந்த இடமெல்லாம் டேப் ஆகியிருக்கிறது. 'ரெட்' என்றிருந்த வேரியபிளுக்கு 'எர்' என்று பெயர் மாற்றம் நடந்திருக்கிறது. அவ்வளவுதான். நான் கேட்ட கேள்விகள் எல்லாம் கேட்ட இடத்திலேயே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கின்றன.

இதற்கு முந்தைய வெர்ஷன்களின் வரலாறு தனி. கெர்னலுக்குள், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையத்துக்குள், ஜனவரி என்றால் 0, டிசம்பர் என்றால் 11. சிப்புக்குள் ஜனவரி 1, டிசம்பர் 12. படிக்கும்போது ஒன்றைக் கழிக்கணும், எழுதும்போது ஒன்றைக் கூட்டணும். தம்பி கழித்தார். கூட்டவில்லை. சிப் உட்கார்ந்திருக்கும் போர்டை ஷட்டவுன் செய்யும்போதெல்லாம் நேரம் சிப்பில் எழுதப்பட்டு, கடிகாரம் ஒரு மாதம் பின்னால் நகர்ந்தது. ஐந்து தடவை அணைத்து எழுப்பினால் ஆடி போய் மாசி. அது சரியானதும், பி.சி.டி எண்ணை (ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனியாகக் குறிக்கும் சிப்பின் முறை) சாதாரண எண்ணாக மாற்றத் தானே ஒரு ஃபங்ஷன் எழுதிக்கொண்டு வந்தார். கெர்னலில் அது காலங்காலமாக இருக்கிறது ராசா. இவர் எழுதியதில் 59 வினாடி 89 ஆகி வந்தது.

மணி, நிமிடம், வினாடி மூன்றையும் தனித்தனியாகப் படிக்கும் கூத்து இன்னும் நடக்கிறது. ஒன்பது ஐம்பத்தொன்பதுக்கு மணியைப் படித்தால் 9. அடுத்த ரெஜிஸ்டருக்கு (சிப்புக்குள் ஒவ்வொரு எண்ணும் இருக்கும் அறை) போவதற்குள் பத்து மணி ஆகிவிட்டால் நிமிடம் 00. ஆக மொத்தம் ஒன்பது மணி! ஒரு மணி நேரம் காணாமல் போயிற்று. எல்லா ரெஜிஸ்டரையும் ஒரே மூச்சில் படித்தால் சிப் அந்தக் கணத்தின் நேரத்தைப் பிடித்து வைத்துக் கொடுக்கும் என்று டேட்டாஷீட்டில் எழுதியிருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

சரி, இதெல்லாம் போகட்டும். என் ரத்தம் கொதிப்பது வேறு இடத்தில்.

பேட்டரி தீர்ந்து கடிகாரம் நின்றுபோனால், நின்றுபோனேன் என்று சொல்ல இந்த சிப்புக்குள் ஒரு பிட் இருக்கிறது. டி.எஸ்.3231 என்ற கடிகார சிப்பில் இருக்கிற மாதிரியேதான்: ஆஸிலேட்டர் (கடிகாரத்தின் துடிப்பு) நின்றால் அது 1 ஆகும், யாராவது போய் 0 எழுதும்வரை 1 ஆகவே நிற்கும். டிரைவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த பிட் 1 என்றால் நேரத்தைக் கொடுக்காமல் எரரைத் திருப்ப வேண்டும். யாராவது சரியான நேரம் வைத்த பிறகு பிட்டை அழிக்க வேண்டும். பி.சி.எஃப்.8563 என்ற இன்னொரு கடிகார சிப்பின் டிரைவரைத் திறந்து பார்த்தாலே போதும், வோல்டேஜ் இறங்கியிருந்தால் இந்த நேரத்தை நம்பாதே என்று எழுதிவிட்டு எரர் கொடுக்கிறது. நம் தம்பி என்ன செய்கிறார்? போர்டு எழும்போதே பிட்டை அழித்துவிட்டு, 2000 ஜனவரி 1 என்று தேதியை எழுதி வைத்துவிடுகிறார். அந்த வரிக்கு மேலே கமெண்ட் வேறு: டீஃபால்ட் தேதி.

யாருக்கு டீஃபால்ட்? இந்த போர்டு போகப்போவது மஞ்சூர் பக்கம் ஒரு டீ ஃபேக்டரிக்கு. இலை வாடும் மாடியில் உட்கார்ந்து வெப்பத்தையும் ஈரத்தையும் குறித்து வைப்பது அதன் வேலை. நெட்வொர்க் இருந்தால் அதிர்ஷ்டம். ஆனி, ஆடிக் காற்றில் ஒரு கற்பூர மரம் லைன் மேல் சாய்ந்தால் கரண்ட் எப்போது வரும் என்று மரத்துக்கே தெரியாது. அங்குள்ள ஈரத்தில் பட்டன் பேட்டரியின் கிளிப் பச்சை பூத்துவிடும். அப்புறம் கரண்ட் வந்து போர்டு எழுந்தால், பூட் ஆகும்போதே கெர்னல் இந்த 2000 ஜனவரியைத்தான் சிஸ்டம் நேரமாக எடுத்துக்கொள்ளும். தம்பி பிறப்பதற்கு முன்பே அவருடைய போர்டு தேயிலை வாடவைக்கத் தொடங்கிவிடும்! தப்பித்தவறி நெட்வொர்க் கிடைத்தாலும், சர்வரின் சான்றிதழைப் பார்த்து "இது இன்னும் அமலுக்கே வரவில்லையே" என்று கனெக்‌ஷனைத் துண்டித்துவிடும்.

இதில் வேடிக்கை, இது குளிருக்காகவே பார்த்துப் பார்த்து வாங்கிய சிப். கடிகாரத்தைத் துடிக்க வைக்கும் சாதாரண 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் 25 டிகிரியில் ஒழுங்காக ஓடும், 5 டிகிரிக்கு இறங்கினால் நாளுக்கு ஒரு வினாடிக்குக் கொஞ்சம் மேல் பின்தங்கும். இந்த சிப் வெப்பநிலையைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும். ஒரு வினாடிப் பிசகைத் தடுக்கக் கூடுதல் காசு கொடுத்து வாங்கி, அதன் தலையில் கால் நூற்றாண்டுப் பொய்யை ஏற்றுகிறோம்.

போன் போட்டேன். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும். சாரல் வேறு.

"தம்பி, அந்த பிட்டை ஏன் அழிக்கிறீங்க?"

"அது இருந்தா எரர் வருதுங்ண்ணா."

"எரர் வரத்தானே அந்த பிட்டே இருக்கு?"

"எரர் வந்தா டெஸ்டிங் டீம் பக் போடுறாங்கண்ணா."

"சரி, தேதி தப்பா வந்தா?"

"அதுக்கு டெஸ்ட் கேஸ் இல்லீங்ண்ணா."

குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"பேட்டரியைக் கழட்டிட்டு ஒரு தடவையாவது டெஸ்ட் பண்ணீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

"பேட்டரியைக் கழட்டினா டைம் போயிருமேண்ணா!"

ஆமாம் தம்பி. போயிரும். அது போனால் என்ன ஆகும் என்பதற்குத்தான் இந்த ரிவ்யூ, இந்தச் சாரல், இந்தக் குடை, என் ரத்த அழுத்தம் எல்லாம். சரவணம்பட்டியில் யூபிஎஸ் போட்ட மேசை மேல் பிறந்ததிலிருந்து அணையாத போர்டு அது. அதற்குப் பேட்டரி என்பது அலங்காரம். "என் டேபிள்ல கரெக்டா காட்டுதுங்ண்ணா" என்று கடைசியாக ஒரு வரி சொன்னார். உங்கள் டேபிளில் சுவர்க் கடிகாரமும்தான் கரெக்டாகக் காட்டும், அதற்கு டிரைவர் எழுதினீர்களா?

கோபத்தோடு போனை வைத்தால், உடனே மேனேஜர். "அந்த ஆர்டிசி டிக்கெட்டைக் க்ளோஸ் பண்ணிடலாமா? டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகுதே." பாஸ் ஆகத்தான் செய்யும் சார். தெரியாத கேள்விக்கெல்லாம் பதில் எழுதி வைத்திருக்கிறோமே. விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "உங்களுக்கென்ன, குன்னூர்ல ஜாலியா உக்காந்துட்டு ரிவ்யூ பண்றீங்க."

சிரிப்புதான் வந்தது. ஜாலியாம்! துவைத்த துணி காயவில்லை, அரிசி மூட்டையில் ஈரம், ராத்திரி காட்டெருமை வந்து கேட்டை மறித்துக்கொண்டு நின்றால் அது போகிற வரைக்கும் நாம் ரோட்டில். மே மாதம் மலர்க் கண்காட்சி அறிவித்தவுடன், வருடம் முழுக்க நம்மை மறந்திருந்த சொந்தமெல்லாம் பாசத்தோடு போன் செய்யும். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "அங்க குளிருமா? ஸ்வெட்டர் கொண்டு வரணுமா?" குளிரும், கொண்டு வாங்க என்று தெளிவாகச் சொன்னாலும் கையை வீசிக்கொண்டுதான் வருவார்கள். போன சீசனில் என் நல்ல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கிய மச்சான் அதை இன்னும் திருப்பித் தரவில்லை. கேட்டால், கரூரில் இப்போது வெயிலாம், வந்தால் கொண்டு வருகிறாராம்.