கேஷ் பேஷண்டுக்குத்தான் ரேட் அதிகம்

தனியார் மருத்துவமனையில் ஒரே ஆபரேஷனுக்கு யாருக்கு அதிகமாக பில் வரும்? பணக்காரருக்கு இல்லை, பல இடங்களில் காப்பீடு இல்லாதவருக்கு. காப்பீட்டு நிறுவனங்கள் முன்கூட்டியே பேரம் பேசி ரேட்டை முடித்து வைத்திருக்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு அரசே பேக்கேஜ் தொகையை நிர்ணயித்திருக்கிறது. கையில் பணத்தோடு வரும் 'கேஷ் பேஷண்டு'க்குப் பேரம் பேச ஆள் கிடையாது.

கடலூரில் இப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். முதலமைச்சர் திட்டத்துக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, அதாவது மாதம் 10,000. தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ-க்கு மாதம் 21,000 வரை சம்பளம் இருக்கலாம், ஆனால் சம்பளம் கொடுக்க ஒரு முதலாளி வேண்டுமே. சொந்தமாகப் பட்டறையோ டீக்கடையோ வைத்து மாதம் பத்தாயிரத்துக்கு மேல் சம்பாதிப்பவர் இரண்டிலும் சேர மாட்டார்.

எங்கள் மாமா அந்த ரகம். கடலூர் ஓ.டி.யில் (முதுநகரில்) வெல்டிங் பட்டறை, பித்தப்பையில் கல். ஜிப்மரில் தேதி கிடைக்கும்வரை வலி பொறுக்க முடியாது என்று இங்கேயே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அட்வான்ஸ் கட்ட அத்தையின் வளையல் அடகுக்குப் போனது. டிஸ்சார்ஜ் அன்று பார்த்தால் பில்லில் கையுறை, பஞ்சு எல்லாம் தனித்தனி வரி. "ஏதாவது குறைச்சுப் போடுங்க தம்பி" என்று அத்தை கேட்டார். கவுன்ட்டரில் இருந்தவர் நிமிரவே இல்லை. "சிஸ்டம்ல குறைக்க முடியாதும்மா." அப்புறம் சொந்தக்காரர் ஒருவர் கவுன்சிலரைப் பிடித்துப் போன் போட வைத்தார். சிஸ்டம் பன்னிரண்டாயிரம் குறைத்தது.

எனக்குக் கோபமே இதில்தான். தள்ளுபடி தருவதில்லை என்று நான் சொல்லவில்லை. தருகிறார்கள், இல்லாதவருக்கு அல்ல, ஆள் பலம் உள்ளவருக்கு. அந்தப் பன்னிரண்டாயிரம் வேறு யார் பில்லில் ஏறியதோ!

புதுச்சேரி போகிற வழியில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. 1976-ல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது. கட்டணம் கட்டுபவர்களின் பணத்தில்தான் இலவச நோயாளிக்கும் கண்புரை எடுக்கிறார்கள். அது எல்லாருக்கும் தெரிந்தே நடக்கிறது. கண்புரை அறுவையை ஆயிரக்கணக்கில் செய்வதால் செலவு குறைகிறது, எல்லா நோய்க்கும் அது ஒத்துவராது, சரி. ஆனால் கணக்கை வெளிப்படையாக வைக்க என்ன தடை?

புதுச்சேரிக்கு மத்திய அரசின் 2010-ம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். அதன் 2012 விதிகளின்படி கட்டணங்களை உள்ளூர் மொழியிலும் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும். நான் போன ஆஸ்பத்திரிகளில் கண்ணில் பட்டவை டாக்டர்களின் பட்டங்களும், 'செருப்பை வெளியே விடவும்' பலகையும்தான்.

கட்டணப் பலகை வைக்கும்போது, காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கும் தொகையையும் கேஷ் ரேட்டுக்குப் பக்கத்திலேயே எழுதட்டும். வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்தால் அத்தையே பேசிக்கொள்வார், கவுன்சிலரைத் தேடி அலைய வேண்டியதில்லை.