ஸ்டார்ட் ஆவது மட்டும் போதாது

"வீடியோவில் ஸ்டார்ட் ஆகி சத்தமில்லாமல் ஓடினால் வேறு வண்டியிலிருந்து கழற்றி விற்கும் பழைய இன்ஜினை நம்பி வாங்கலாம், வாரண்டி வேறு இருக்கிறது" என்று நண்பர் சொல்லியிருப்பது சரியல்ல. இதை நம்பி யாரும் பணத்தை இழந்துவிடக் கூடாது.

சுமை இல்லாமல் இரண்டு நிமிடம் ஓடுவதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஹெட் (இன்ஜினின் மேல்மூடிப் பகுதி) வளைந்திருப்பதும், அதற்கடியில் உள்ள ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகட்டின் கசிவும் பெரும்பாலும் இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் தெரியும். வெள்ளத்தில் நின்ற வண்டியின் இன்ஜின் இன்னும் மோசம். சிலிண்டருக்குள் நீர் புகுந்தால், நீர் காற்றைப் போல அமுங்காது; அதனால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு என்ற தண்டு வளையும். லேசாக வளைந்த ராடோடு இன்ஜின் சில மாதம்கூட ஓடும், அப்புறம் ஒருநாள் அந்த ராடு பிளாக்கையே (இன்ஜினின் முக்கிய உடல் பகுதி) உடைத்துவிடும்.

எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன் சோதனை (உள்ளே உருவாகும் அழுத்தத்தை அளப்பது) செய்து அளவுகளை எழுதி வாங்குங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 10–15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேண்டாம். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், பால் கலந்தது போல இருந்தால் நீர் கலந்திருக்கலாம். ஓடிய கிலோமீட்டர் கணக்கு டேஷ்போர்டில் இருப்பது; கழற்றிய இன்ஜினில் அதைச் சரிபார்க்க வழியில்லை. இன்ஜின் எண் ஆவணத்தோடு பொருந்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

வாரண்டி பெரும்பாலும் இன்ஜினுக்கு மட்டும்தான், இறக்கி ஏற்றும் கூலி நம் தலையில். சில விற்பனையாளர்கள் வெப்பம் காட்டும் வில்லையை ஒட்டி அனுப்புவார்கள். இன்ஜின் அதிகமாகச் சூடேறினால் அந்த வில்லையின் நடுப்பகுதி உருகிவிடும். உருகியிருந்தால் வாரண்டி கிடையாது.