ஒரே பத்து விரல், மூன்று கைரேகை

கலிபோர்னியாவில் ஸ்கூல் சோஷியல் ஒர்க்கராக இருக்கிற ஒருவரின் விரல்களை அந்த மாநிலம் எத்தனை தடவைதான் பார்க்கும்? ஆசிரியர் சான்றளிப்பு ஆணையத்துக்கு ஒரு தடவை. கிளினிக்கல் லைசென்ஸும் வேண்டுமென்றால் நடத்தை அறிவியல் வாரியத்துக்கு ஒரு தடவை. வேலை கொடுத்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுக்கு, அதாவது வட்டாரப் பள்ளி நிர்வாகத்துக்கு, இன்னொரு தடவை. விரல் அதே விரல், ரேகையை டிஜிட்டலாக எடுக்கும் லைவ் ஸ்கேன் மிஷின் அதே மிஷின், ரேகை போய்ச் சேர்வதும் அதே மாநில நீதித்துறைக்குத்தான் (டிபார்ட்மெண்ட் ஆஃப் ஜஸ்டிஸ்). ஆனால் ஒவ்வொரு தடவையும் நீதித்துறைக்கு 32 டாலர், எஃப்.பி.ஐ.க்கு 17 டாலர், விரலைப் பிடித்து உருட்டுகிறவர் கேட்கும் கூலி தனி.

கேட்டால் சட்டம் காட்டுவார்கள். ஒரு துறைக்கென்று வந்த குற்றப் பின்னணித் தகவலை இன்னொரு துறைக்குக் கைமாற்றக் கூடாது. சரி, நம் அந்தரங்கத்தைக் காக்கிற விதி, அதில் குறையில்லை. தகவலைக் கைமாற்ற வேண்டாம் ஐயா. ரேகை ஏற்கெனவே நீதித்துறையிடம் கிடக்கிறதே, அதை வைத்தே மூன்று இடத்துக்கும் மூன்று அறிக்கை அனுப்ப ஒரு வழி செய்தால் என்ன குடி முழுகிவிடும்?

ஆணையத்துக்கான படிவம் 41-எல்.எஸ். மூன்று நகல் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதையே வாரியத்துக்கும் சேர்த்து அனுப்புங்கள் என்றால் நடக்காது. படிவத்தில் எந்தத் துறையின் குறியீட்டு எண் அச்சாகியிருக்கிறதோ, முடிவு அங்கே மட்டும்தான் போகும். அவசரத்தில் படிவம் மாறிப்போனால் கட்டிய பணத்துக்குக் கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான். நாள் முழுக்க சானிடைசர் தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கிய கைகளென்றால் 'தெளிவில்லை' என்று திரும்பி வரும். மறுபடி போய் நிற்கணும்.

இந்த இரட்டைக் குடித்தனம் ஏன் என்று தெரியாதவர்களுக்காக: அரசுப் பள்ளியில் வேலை பார்க்கத் தேவைப்படுவது பியூபில் பெர்சனெல் சர்வீசஸ் கிரெடென்ஷியல். பட்டத்துக்கு மேல் குறைந்தது 45 செமஸ்டர் யூனிட், ஆணையம் அங்கீகரித்த பள்ளிச் சமூகப் பணிப் படிப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகளோடு களப்பயிற்சி. இதைக் கொடுப்பது ஆணையம். பள்ளிக்கு வெளியே தனியாக சிகிச்சை கொடுக்கத் தேவைப்படுவது எல்.சி.எஸ்.டபிள்யூ., அதாவது கிளினிக்கல் சமூகப் பணியாளர் லைசென்ஸ். அதைக் கொடுப்பது வாரியம். ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் எழுதிப் பாருங்கள், அந்தக் கிரெடென்ஷியலும் (PPS) பி.பி.எஸ்., இந்த வாரியமும் (BBS) பி.பி.எஸ். நம் எழுத்தில் ஒன்றாகிவிட்ட இரண்டும் மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் மட்டும் ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பத்து வருஷம் பிள்ளைகளுக்கு சிகிச்சை கொடுத்த எல்.சி.எஸ்.டபிள்யூ. ஒருவர் பள்ளிக்கு வரலாம் என்று நினைத்தால், அந்த அனுபவம் கிரெடென்ஷியல் ஆகாது. மறுபடி பல்கலைக்கழகம், மறுபடி களப்பயிற்சி.

சென்னையிலோ திருச்சியிலோ எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டு அங்கே போகிறவர்கள் பாடு இன்னும் மோசம். வாரியத்துக்கு அமெரிக்க சமூகப் பணிக் கல்விக் கவுன்சிலின் மதிப்பீடு வேண்டும். ஆணையத்துக்கோ அதன் பட்டியலில் இருக்கிற மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் அறிக்கை வேண்டும். ஒரே மார்க் ஷீட்டுக்கு இரண்டு மதிப்பீடு, இரண்டு கட்டணம். பல்கலைக்கழக சீல் வைத்த கவரை வாங்க ஊரில் இருக்கும் தம்பியையோ மாமாவையோ எத்தனை தடவை தேர்வுப் பிரிவு வாசலில் நிற்க வைப்பது?

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. உண்மையில் வயிறு எரிவது 104 வாரக் கணக்கில்.

லைசென்ஸுக்கு முன்னால் ஏ.எஸ்.டபிள்யூ. (பயிற்சிநிலைச் சமூகப் பணியாளர்) பதிவு எண் வாங்கி, மேற்பார்வையில் 3,000 மணி நேரம் வேலை காட்ட வேண்டும். வாரத்துக்கு 40 மணிக்கு மேல் கணக்கில் சேராது. அதோடு மேற்பார்வை நடந்த வாரங்கள் குறைந்தது 104 இருக்க வேண்டும். மருத்துவமனையில் வேலை என்றால் 104 வாரம் என்பது இரண்டு வருஷம், விஷயம் முடிந்தது. பள்ளிக்கூடமோ வருஷத்துக்கு சுமார் 180 நாள், அதாவது 36 வாரம். மணியை மட்டும் எண்ணினால் வருஷத்துக்கு 1,440, இரண்டு வருஷத்தைக் கொஞ்சம் தாண்டினால் 3,000 வந்துவிடும். வாரத்தை எண்ணினால் கிட்டத்தட்ட மூன்று வருஷம். முழு நேர வேலை பார்த்து, மணி நிரம்பி வழிந்த பிறகும், பள்ளிக்குக் கோடை விடுமுறை விட்ட பாவத்துக்கு இன்னும் ஏறத்தாழ ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். விதி எழுதியவர்களுக்குப் பள்ளிக்கூட காலண்டர் ஒன்று இருப்பது ஞாபகமே வரவில்லையா?

மணி நிரம்புவதும் அவ்வளவு சுலபமில்லை. 3,000-ல் குறைந்தது 2,000 மணி நோயறிதல், மதிப்பீடு, சிகிச்சை என்று கிளினிக்கல் வேலையாக இருக்க வேண்டும். அதற்குள் 750 மணி நேருக்கு நேர் கவுன்சலிங். ஆலோசனை, பிள்ளைக்காக வாதாடுவது, பயிற்சி வகுப்பு இவையெல்லாம் சேர்ந்து 1,000-ஐத் தாண்டக் கூடாது. பள்ளியில் ஒரு செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும்? காலையில் வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு போன், பத்து மணிக்கு ஐ.இ.பி. (சிறப்புக் கல்விப் பிள்ளைக்கான தனித் திட்டம்) மீட்டிங், மதியம் ஆள் பற்றாமல் லஞ்ச் டியூட்டி, நடுவில் பாத்ரூமில் அழுதுகொண்டிருந்த பிள்ளையோடு முக்கால் மணி நேரம். மணிக்கணக்கு எழுதும் வாராந்திர லாகில் கவுன்சலிங் கட்டத்துக்குள் தைரியமாக எழுத முடிவது அந்த முக்கால் மணிதான். லஞ்ச் டியூட்டி எந்தக் கட்டத்திலும் உட்காராது.

மேற்பார்வையாளர் விஷயத்தில் வாரியம் கறாராக இருப்பதில் தப்பில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறோம். வாரம் ஒரு மணி நேரம் அனுபவசாலி ஒருவரோடு உட்கார்ந்து கேஸ் பேசாமல் யாரும் இந்த வேலை பழக முடியாது. ஆனால் பிரின்சிபல் கையெழுத்து செல்லாது. 3,000-ல் 1,700 மணியாவது எல்.சி.எஸ்.டபிள்யூ. ஒருவரின் கீழ் இருக்க வேண்டும், அவரும் கடந்த ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷமாவது லைசென்ஸ் வைத்திருந்தவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் டிஸ்ட்ரிக்ட்டில் இல்லையென்றால் வெளியே தேட வேண்டும். வெளியாள் என்றால் டிஸ்ட்ரிக்ட்டோடு எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அது எத்தனை மேசை தாண்டி வரும் என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒப்பந்தம் இல்லாமல் ஓடிய மாதங்கள் பிறகு கணக்கில் வராமல் போகலாம். இழுத்துக்கொண்டே போனால் இன்னொரு கத்தி: விண்ணப்பிக்கும் நாளிலிருந்து ஆறு வருஷத்துக்கு முந்திய மணிகள் செல்லாது.

எல்லாம் தாண்டி கையில் வந்த பிறகாவது நிம்மதி உண்டா? எல்.சி.எஸ்.டபிள்யூ. புதுப்பிப்பு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, பிறந்த மாதக் கடைசித் தேதியில். காசநோய் இல்லை என்ற சான்றுத் தாள் நான்கு வருஷத்துக்கு ஒரு முறை. கிரெடென்ஷியல் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, கட்டணம் 100 டாலர். இவை போக, குழந்தை வன்கொடுமையைப் புகாரளிக்கும் பயிற்சி, பள்ளி திறந்த ஆறு வாரத்துக்குள் வருஷா வருஷம். ஒன்றோடு ஒன்று பொருந்தாத நான்கு தேதிகள். கிரெடென்ஷியல் தேதி தவறினால் அது பறிபோகாது, எப்போது வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். ஆனால் காலாவதியான நாட்களில் வேலை பார்க்க முடியாது, சம்பளப் பட்டியலிலும் சிக்கல்.

வேடிக்கையைக் கேளுங்கள். கிரெடென்ஷியலைப் புதுப்பிக்க ஒரு மணி நேரப் பயிற்சிகூடக் காட்ட வேண்டாம். ஆன்லைனில் நடத்தை பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பணம் கட்டினால் முடிந்தது. வாரியமோ இரண்டு வருஷத்துக்கு 36 மணி கேட்கிறது, அதில் 6 மணி சட்டமும் தொழில் அறமும். அப்படியானால் டிஸ்ட்ரிக்ட்டே நடத்தும் பயிற்சி நாட்களை அதில் காட்டலாமே என்று தோன்றும். பயிற்சி தருகிறவர் வாரியம் ஏற்றுக்கொண்ட அமைப்பின் கீழ் வராவிட்டால் அந்த மணிகளுக்கு மதிப்பில்லை. தற்கொலை அபாயத்தை அறிவது பற்றி நாள் முழுக்கப் பள்ளியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, ராத்திரி கைக்காசு போட்டு அதே பாடத்தை ஆன்லைனில் திரும்பக் கேட்பவர்கள் நிறையப் பேர். பயிற்சிக்குப் பேர் கொடுக்கும் முன் அங்கீகாரம் யாருடையது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சான்றிதழ்களைப் புதுப்பித்த பிறகும் இரண்டு வருஷம் பத்திரமாக வையுங்கள். தணிக்கைக் கடிதம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராது.

நடுவில் பக்கத்து டிஸ்ட்ரிக்ட்டில் நல்ல வேலை கிடைத்தால் சந்தோஷம்தான். கிரெடென்ஷியல் அப்படியே செல்லும், லைசென்ஸும் செல்லும். கைரேகை மட்டும் செல்லாது. இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே விரல் நுனியில் ராத்திரி கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, காலையில் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, புது டிஸ்ட்ரிக்ட்டின் படிவத்தோடு லைவ் ஸ்கேன் கடைக்குக் கிளம்புங்கள்.