தூங்கி எழுந்திருக்கிற வீட்டை முதல்ல பாருங்க

கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்காக மூணு வாரம் லீவு போட்டு குடியாத்தம் வந்திருக்கேன். ராத்திரி பத்தரை மணி, அம்மா வீட்டு மொட்டை மாடில பாய் போட்டு உக்காந்துக்கினு இதை டைப் பண்றேன், கத்திரி வெயில் குடிச்ச தளம் இன்னும் சுடுது. இங்கிலாந்துல லெஸ்டர்ல இருக்கற எங்க வீட்ல போன அக்டோபர்ல கை வெச்ச சமையக்கட்டு வேலை இன்னும் முடியலை, எட்டாவது மாசம் நடக்குது. வீட்டுக்காரரும் பொண்ணும் அங்கதான் அந்தத் தூசில இருக்காங்க. திருவிழால பாத்த சொந்தக்காரங்க பாதிப் பேரு கேட்டது ஒரே கேள்வி, பாரின்ல எல்லாம் மிஷின் வெச்சு ஒரு வாரத்துல முடிச்சுடுவாங்களே, உங்களுக்கு மட்டும் ஏன் இவ்ளோ நாளுன்னு. ஒவ்வொருத்தருக்கும் நின்னு பதில் சொல்ல முடியலை. அதான் எழுதறேன்.

வேலை அக்டோபர்ல ஆரம்பிச்சுதுன்னாலும் நோட்டீஸ் கொடுத்தது ஜூலைல. அங்க வரிசை வீடுங்க, பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவுல ஒரே சுவருதான். சமையக்கட்டுக்கும் சாப்பிடற ரூமுக்கும் நடுவுல இருக்கற சுவத்தை எடுத்துட்டு இரும்பு பீம் போடணும், பீமோட ஒரு முனை அந்தப் பொதுச் சுவத்துல உக்காரணும். அதுக்கு 1996ல போட்ட பார்ட்டி வால் சட்டம் இருக்குது, ரெண்டு மாசம் முன்னாடியே எழுதிக் கொடுக்கணும், பக்கத்து வீட்டுக்காரங்க 14 நாள்ல பதில் சொல்லலைன்னா தகராறுன்னே எடுத்துக்கினு சர்வேயர் போட்டாகணும், அந்தச் செலவு பெரும்பாலும் வேலை செய்யறவங்க தலையிலதான் விழும். பக்கத்து வீட்டுப் பாட்டி நல்லவங்க, அன்னிக்கு மக வீட்டுக்குப் போயிருந்தாங்க, லெட்டரைப் பாக்கவே இல்ல. அவ்ளோதான் விஷயம். அதுக்கே செப்டம்பர் முடிஞ்சு போச்சு.

அப்புறம் சீலிங். எங்க வீடு 1930கள்ல கட்டினது, சீலிங்ல அலை அலையா பூச்சு பூசியிருந்தாங்க, அதுல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம்னு துளி சுரண்டி லேபுக்கு அனுப்பினாங்க. பிரிட்டன்ல ஆஸ்பெஸ்டாஸை முழுசா தடை பண்ணதே 1999லதான், அதனால அதுக்கு முன்னாடி கட்டின எந்த வீட்லயும் பாக்காம கை வைக்கக் கூடாது. எங்க சீலிங்ல இருந்துச்சு. அதை எடுக்கறதுக்குன்னு பயிற்சி எடுத்த ஆளுங்க தேதி கிடைக்கற வரைக்கும் எல்லாரும் கை கட்டி நின்னோம். நான் நர்ஸ், அந்தத் தூசி நுரையீரல்ல போனா இருபது முப்பது வருஷம் கழிச்சு என்ன செய்யும்னு படிச்சிருக்கேன், அதனால அந்தக் காத்திருப்புக்கு மட்டும் எனக்கு ஒரு நாளும் கோவம் வரலை. இங்க நேத்து எங்க தெருவுலயே பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை ஒரு பையன் சுத்தியால அடிச்சு உடைச்சுக்கினு இருந்தான், மூக்குல துண்டு கூட கட்டலை, போயி சொல்லிட்டு வந்தேன். தயவு செஞ்சு நீங்களும் சொல்லுங்க, உடைக்காம முழுசா கழட்டணும், தண்ணி தெளிச்சு நனைச்சுட்டுத் தொடணும்.

தரையைப் பிரிச்சா அடில இருந்த மரச் சட்டமெல்லாம் ஊறி உளுத்துப் போயிருந்துச்சு, எங்கயோ பைப் எத்தினி வருஷமா கசிஞ்சுதோ. மரத்தை எடுத்துட்டு கான்கிரீட் போட்டு மேல ஸ்க்ரீட், அதான் தரையை மட்டம் பண்ற சிமெண்டுப் பூச்சு, போட்டாங்க. அது காயறதுக்கு மில்லிமீட்டருக்கு ஒரு நாள்னு ஒரு கணக்கு சொல்வாங்க, குளிர்காலத்துல அந்தக் கணக்கும் நிக்காது. அம்மா தினம் போன்ல கேப்பாங்க, "தண்ணி ஊத்தனியாடி, சிமெண்டு வெடிச்சுடப் போவுது"ன்னு. நம்மூர் வெயில்ல ஈரம் ஓடிடுமேன்னு பயந்து சாக்கு போட்டு காலைலயும் சாயந்திரமும் தண்ணி காட்டுவோம், அங்க ஈரம் போக மாட்டேங்குதேன்னு கரெண்டு செலவு பண்ணி மிஷின் வெச்சு உறிஞ்சுக்கினு இருந்தோம். இதை அம்மாவுக்குப் புரிய வைக்கவே ஒரு மாசம் ஆச்சு. நடுவுல காண்ட்ராக்டர் ரெண்டு வாரம்னு சொல்லிட்டு வேற வேலைக்குப் போனவர் அஞ்சு வாரம் கழிச்சு வந்தார். கொட்டேஷன்ல வாட்டுன்னு அங்க போடற வரி 20 சதவீதம் சேர்க்கலைன்னு பில்லு வந்தப்போதான் சொன்னார், பொடி எழுத்துல போட்டிருந்தாராம். கூலிக்கும் சேர்த்துத்தான் அந்த 20. யாராவது வேலை ஆரம்பிக்கப் போறீங்கன்னா, இந்தத் தொகை வாட் சேர்த்தா சேர்க்காமலான்னு எழுதி வாங்கிக்குங்க.

இத்தினி நாளும் குடித்தனம் முன் ரூம்ல. ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ரைஸ் குக்கர், கிரைண்டர் படிக்கட்டுக்குக் கீழ, பாத்திரம் கழுவறது மாடில குளிக்கிற தொட்டில முட்டி போட்டுக்கினு. கடுகு தாளிச்சா புகை அலாரம் அடிக்குது, அதனால ஜன்னலைத் திறந்து வெச்சு ஸ்வெட்டர் போட்டுக்கினு தாளிச்சேன் ஜனவரில. இங்க அம்மா வீட்ல போன வருஷம் தளம் ஒழுகுதுன்னு மேஸ்திரியை வெச்சு பழைய சுண்ணாம்பைக் கொத்தி எடுத்தப்போ பத்து நாளு கொல்லைல மூணு செங்கல்லு வெச்சு சமைச்சாங்க, சித்தாளுங்களுக்கும் சேர்த்து டீ போட்டாங்க, வானம் ஒத்துக்கிச்சு. அங்க கொல்லைல அடுப்பு மூட்டற கதையே இல்ல. நைட் டியூட்டி முடிச்சு காலைல எட்டரைக்கு வந்து படுத்தா ஒன்பது மணிக்கு டிரில் ஆரம்பிக்கும். எத்தினியோ நாளு கார்லயே போர்வையைப் போத்திக்கினு தூங்கியிருக்கேன். பொண்ணுக்கு ஒன்பது வயசு, மூணாவது படில உக்காந்துதான் ஹோம்வொர்க்.

இவ்ளோ கஷ்டப்பட்டும் நான் சொல்ல வந்தது வேற. இந்த வேலையை நாங்க பத்து வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கணும். அந்தச் சமையக்கட்டுச் சுவரு கருப்பா பூஞ்சை பிடிச்சு வருஷா வருஷம் மேல ஏறுச்சு, குழந்தைக்கு ஒவ்வொரு குளிர்காலமும் இழுப்பு. ஆஸ்பத்திரில மத்தவங்களுக்கு, வீட்ல ஈரம் இருக்கக் கூடாதும்மான்னு சொல்றவ நான். ஏன் செய்யலைன்னா, ஒரு நாள் ஊருக்கே வந்துடுவோம், இதுல போயி எதுக்குக் காசைப் போடறதுன்னு. அதே நேரத்துல 2016ல வேலூர் சத்துவாச்சாரில மூணு பெட்ரூம் வெச்சு வீடு கட்டினோம். அப்பா லுங்கித் தறில உக்காந்து எங்களைப் படிக்க வெச்சவரு, அந்த வீடு கட்டறப்போ குடியாத்தத்துலேருந்து பஸ் ஏறிப் போயி அவரே சுவத்துக்குத் தண்ணி ஊத்தினாரு. கிரகப்பிரவேசத்தன்னிக்கு அவர் மூஞ்சியைப் பாத்தேன், அந்தக் காசு வீண்னு என் வாயால எப்பவும் சொல்ல மாட்டேன். ஆனா அந்த வீட்ல நாங்க மொத்தமா தங்கினது நாப்பது நாளு கூட இருக்காது. இப்ப அப்பாவும் இல்ல. போன வாரம் போயி திறந்தேன், அலமாரிப் பலகையைக் கரையான் தின்னுடுச்சு, மோட்டார் ஜாம் ஆயிடுச்சு, வாசல்ல முட்டி உயரத்துக்குச் செடி. பூட்டின வீட்டுக்கு கிரானைட் போட்டுட்டு, குழந்தை மூச்சு விடற வீட்ல பூஞ்சையைத் துடைச்சுத் துடைச்சு பத்து வருஷம் ஓட்டியிருக்கோம்.

வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டைன்னு நம்ம பக்கத்துலேருந்து நர்ஸாவும் ஐடிலயும் போனவங்க எத்தினியோ பேரு இப்படித்தான் இருக்காங்க, நான் அவங்க வீட்டுக்குப் போறேன் பாக்கறேன். கதவு சாத்தாது, பாத்ரூம்ல ஃபேன் ஓடாது, கேட்டா ஊர்ல மாடி எடுக்கறோம்பாங்க. இது நம்ம மண்ணா என்னன்னு கேக்கறாங்க. மண்ணு யாருதா இருந்தாலும் உங்க குழந்தை அங்கதான் தூங்குது. முதல்ல அதைச் சரி பண்ணுங்க, ஊர்ல காசு போடணும்னா வயசான அப்பா அம்மா இருக்கற வீட்டுக்கு, அந்தத் தளத்துக்கு, வழுக்காத பாத்ரூமுக்குப் போடுங்க. பூட்டப் போற வீடு காத்திருக்கட்டும். இதுல என் தங்கச்சிக்கே என் மேல கோவம், சத்துவாச்சாரி வீட்டை வாடகைக்கு விடலாம்னு சொன்னதுக்கு அப்பா ஞாபகத்தை விக்கறியான்னு கேட்டா. நேத்து வரைக்கும் பேசலை. இன்னிக்குப் பேசினா, புரோக்கர் நம்பர் கூட அவதான் வாங்கிக் கொடுத்தா.

சாயந்திரம் அம்மா முதல் தடவையா எங்க லெஸ்டர் வீட்டைப் பத்தி அவங்களாவே கேட்டாங்க, "அந்த ஊட்ல சாமி அலமாரி எந்தப் பக்கம்டி வெக்கறீங்க, கெயக்கப் பாத்து வையி". நாங்க அதை யோசிக்கவே இல்ல. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன், டேப் எடுத்து அளந்து பாத்துட்டு சொன்னாரு, இடம் இருக்குது ஆனா எலக்ட்ரீஷியன் அங்க ஒரு பிளக் பாயிண்ட் விட்டிருக்காரு, வியாழக்கிழமை டைல்ஸ்காரர் வரதுக்குள்ள அதை நகத்தணும்னு. நகத்தச் சொல்லியிருக்கேன்.